உப்புத்தண்ணீரும் அலுமினிய படகு டிரெய்லரும்: மும்பையில் அரிப்பைத் தடுக்கும் வழி

“அலுமினியம் துருப்பிடிக்காது” என்று சொல்லித்தான் டிரெய்லரை விற்பார்கள். அது பாதி உண்மை. இரும்பைப் போலச் சிவந்து உதிராது. ஆனால் உப்பு தங்கிய இடத்தில் வெள்ளையாகப் பூக்கும். பூத்ததைச் சுரண்டினால் அடியில் ஊசிமுனை அளவு குழி தெரியும், அந்தக் குழி பக்கவாட்டில் பரவாமல் உள்ளே உள்ளே போகும். மார்வே, மனோரி, வசாய்க் கழி என்று வார இறுதியில் படகை இறக்கிவிட்டு, திங்கட்கிழமை செம்பூரிலோ முலுண்டிலோ கட்டிடத்துக்குக் கீழே டிரெய்லரை நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்த வெள்ளைப் பூப்பு பழக்கமானதுதான்.

பலர் பளபளவென்று தெரியும் நீண்ட பீமை, அதாவது நெடுக்குச் சட்டத்தைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அதற்கு அவ்வளவு பாடு தேவையில்லை. திறந்திருக்கும் அலுமினியப் பரப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். டிரெய்லர் சாவது போல்ட்டைச் சுற்றி, படகு உட்காரும் பலகைக்கு அடியில், மூடிய குழாய்க்குள்ளே. அதற்கும் முன்னால் ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) ஸ்பிரிங்கும் போய்விடும், ஏனென்றால் அவை அலுமினியமே அல்ல, இரும்பு. உழைப்பும் பணமும் இந்த நான்கு இடங்களுக்குப் போகட்டும்.

எங்கே அரிக்கிறது, ஏன்

அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்ஸைடு படலம் ஒன்று தானாகவே படிந்திருக்கும். கீறினாலும் காற்று பட்டவுடன் மறுபடி உருவாகிவிடும். பி.எச். (அமில-கார அளவு) 4 முதல் 8.5 வரை உள்ள நீரில் இந்தப் படலம் நிலையாக நிற்கும். கடல்நீர் ஏறத்தாழ 8.1. ஆகவே கடல்நீர் மேலே பட்டு ஓடி, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்துவிட்டால் பெரிய சேதம் இல்லை. நீர் ஓடாமல் தங்கும் இடுக்கில்தான் கதை மாறுகிறது. அங்கே ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு சேரும், உள்ளே இருக்கும் நீர் அமிலமாகும். படலம் ஒருமுறை உடைந்தால் மறுபடி உருவாக வழியில்லை.

“காய்ந்துவிட்டால்” என்று சொன்னோமே, மும்பையில் ஏமாறுவது அங்கேதான். சமையல் உப்பு இருக்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதாவது கழுவாத டிரெய்லர் பார்வைக்குக் காய்ந்து தெரிந்தாலும், இடுக்கில் இருக்கும் உப்பு ராத்திரி முழுக்க ஈரமாகவே இருக்கும். வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இந்த ஊரில் எடுபடாது.

இரண்டாவது காரணம் உலோகங்களின் சேர்க்கை. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புநீரும் இருந்தால் அது சின்ன பேட்டரி. கடல்நீரில் அலுமினியத்துக்கும் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் ஏறத்தாழ 0.7 வோல்ட் வித்தியாசம், அதில் கரைவது அலுமினியம். துத்தநாகம் அலுமினியத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால், அவை இரண்டும் சேர்ந்தால் துத்தநாகம்தான் மெதுவாகக் கரையும். செம்பும் கரியும் அலுமினியத்துக்குப் பரம விரோதிகள். இந்த வரிசை மனதில் இருந்தால் கடையில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது தானாகப் புரியும்.

போல்ட்டுகள்

நல்ல அலுமினிய டிரெய்லர்களில் பெரும்பாலும் வெல்டிங் குறைவு, போல்ட் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. 6061-டி6 ரக அலுமினியத்தின் இழுவலிமை ஏறத்தாழ 310 மெகாபாஸ்கல். வெல்டிங் சூடு பட்ட பகுதியில் அது பாதியளவுக்கு இறங்கிவிடும். ஆகவே போல்ட் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு இடுக்கு, ஒரு வேற்று உலோகம்.

எந்த போல்ட்? ஆக்ஸிலை, அதாவது சக்கர அச்சைப் பிடிக்கும் யு-போல்ட், குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கும் பெரிய போல்ட் இவற்றுக்கு ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததே (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) பொருத்தம். பளபளவென்று வெள்ளியாகவோ மஞ்சளாகவோ மின்னும் சாதாரண ஜிங்க் பிளேட்டிங் போல்ட் வேண்டாம். அதில் பூச்சு 5 முதல் 12 மைக்ரான்தான், ஒரு சீசன் தாங்காது. ஹாட் டிப்பில் பூச்சு ஏறத்தாழ 45 மைக்ரான் இருக்கும். நிறம் மங்கிய சாம்பல், மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு. பூச்சு தடிமனாக இருப்பதால் சாதாரண நட் ஏறாது. அதற்கென்று மரை பெரிதாக வெட்டிய கால்வனைஸ் நட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஏறவில்லையே என்று போல்ட்டில் டை (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சுரண்டினால், கொடுத்த காசு பொடியாகக் கீழே விழுகிறது என்று அர்த்தம்.

விளக்கு, மட்கார்ட், ரோலர் பிராக்கெட் போன்ற சின்ன பிடிப்புகளுக்கு 316 ஸ்டெயின்லெஸ். நாக்தேவி தெருவில் போல்ட் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் “எஸ்.எஸ். போல்ட்” என்று மட்டும் கேட்டால் 202 ரகம் கைக்கு வரலாம், அது மார்வே காற்றிலேயே பழுப்பாகிவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, ஏனென்றால் 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. போல்ட் தலையில் ஏ4-70 அல்லது ஏ4-80 என்று பொறித்திருந்தால் 316. ஏ2-70 என்றால் 304. ஒன்றுமே இல்லையென்றால் மாலி டெஸ்ட் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் நிறம் மாறும், மற்றவற்றில் மாறாது.

பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால், மொத்தப் பரப்பைப் பார்க்கும்போது அரிப்பு குறைவுதான். ஆனால் அது வாஷருக்கு அடியில் ஒரே வளையத்தில் குவியும். இதைத் தடுக்க நடுவே பசை வேண்டும். டெஃப்-ஜெல், டியூராலாக் இரண்டும் இதற்கென்றே வருபவை. டியூராலாக் வகைப் பசைகளில் குரோமேட் இருக்கலாம் என்பதால் கையுறை கட்டாயம். கேரேஜில் கிடக்கும் காப்பர் ஆன்டி-சீஸ், கிராஃபைட் கிரீஸ் இரண்டையும் அலுமினியத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. முன்னதில் செம்பு, பின்னதில் கரி. துளை போட இடம் குறிக்கக்கூட பென்சில் வேண்டாம், மார்க்கர் பேனா போதும்.

பழைய டிரெய்லரில் வேலையைத் தொடங்கும் முன் படகை இறக்கிவிடுங்கள். முன் இணைப்பின் நடுப்புள்ளியிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைகளுக்கும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு அளவுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எல்லா போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சட்டம் கோணிக்கொள்ளும், பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஒன்றைக் கழற்றி, முடித்து, பூட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் செய்ய வேண்டியது:

1. போல்ட்டை எடுத்ததும் துளையின் உள்சுவரையும் வாஷர் பட்ட வட்டத்தையும் பச்சை நிற நைலான் தேய்ப்பான் கொண்டு வெள்ளைப்பொடி போகும்வரை தேய்க்கவும். இரும்பு பிரஷ் கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் புதைந்து, புதுசாக அரிப்பைத் தொடங்கும். இரும்பில் ஓட்டிய கிரைண்டர் தட்டும் அப்படியே.

2. நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு முறை துடைத்துக் காயவிடவும்.

3. துளையின் உள்ளே, போல்ட் தண்டில், மரையில், வாஷரின் இரு பக்கத்திலும் பசை பூசவும். இறுக்கும்போது விளிம்பைச் சுற்றிப் பசை முழு வட்டமாகப் பிதுங்கி வர வேண்டும். அதைத் துடைத்துவிடாதீர்கள், நீரைத் தடுப்பதே அந்த விளிம்புதான்.

4. நைலாக் நட் புதுசாகப் போடவும், பழையதன் நைலான் பிடி தளர்ந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் பவர் டூலால் சுழற்றினால் மரை சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையால் மெதுவாக.

5. பசை பூசிய மரை வழுக்கும். உலர்ந்த மரைக்குத் தயாரிப்பாளர் சொன்ன டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவிலிருந்து ஏறத்தாழ கால்பங்கு குறைத்து இறுக்கவும்.

நைலான் வாஷரை எல்லா இடத்திலும் போட ஆசை வரும். விளக்குக்கும் மட்கார்டுக்கும் போடலாம். ஆக்ஸில் பிடிப்பிலும் குறுக்குச் சட்டத்திலும் வேண்டாம், பாரத்தில் நைலான் நசுங்கிக்கொண்டே போய் போல்ட் தளர்ந்துவிடும். அங்கே அகலமான உலோக வாஷரும் பசையும்தான்.

எல்லாம் முடித்து 80, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை டார்க் ரெஞ்சு வைத்துப் பாருங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடிப்பு தளர்வதற்கு அதுவே போதும். நம்ம ஊர்ச் சாலைக் குழிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

படகு உட்காரும் பலகைகள்

பலகையும் அதன் மேல் சுற்றிய கார்ப்பெட்டும்தான் டிரெய்லரிலேயே அதிக நேரம் ஈரமாக இருப்பவை. கார்ப்பெட் உப்புநீரைக் குடித்து, நாள் கணக்கில் அடியிலுள்ள பிராக்கெட்டுக்குச் சொட்டுச் சொட்டாக விடும். மரம் கெடாமல் இருக்க மருந்து ஏற்றிய பச்சை நிறச் சாயல் பலகை என்றால் இன்னும் மோசம், அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். அதிலிருந்து கசியும் நீர் அலுமினியத்தில் பட்ட இடமெல்லாம் குழி விழும். ஃபைபர் படகின் அடியில் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் அடித்திருந்தாலும் இதே கதி. அதைச் சுரண்டும்போது டிரெய்லரை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டு, விழுந்த தூளைக் கடைசிவரை கழுவி எடுக்க வேண்டும். படகே அலுமினியம் என்றால் செம்புப் பெயின்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாற்ற நினைத்தால் எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் பட்டையே எங்கள் தேர்வு. 12 முதல் 15 மி.மீ. தடிமன், நீர் குடிக்காது, உப்பு தங்காது. போல்ட் தலை பட்டைக்குள் புதையும்படி குழித்துத் துளையிட வேண்டும், இல்லையென்றால் படகின் வயிறு கீறும். ஓர் எச்சரிக்கை: இந்தப் பட்டை வழுக்கும். கார்ப்பெட் பழக்கத்தில் சரிவிலேயே வின்ச் (படகை இழுத்துப் பிடிக்கும் உருளை) பட்டையைக் கழற்றினால், படகு தண்ணீருக்குப் போகும் முன் கான்கிரீட்டில் இறங்கிவிடும். பின்பகுதி மிதக்கும்வரை கொக்கியை எடுக்கக் கூடாது.

மரப்பலகையே வேண்டும் என்பவர்கள் மருந்து ஏற்றாத சால் அல்லது தேக்கை எடுத்து, நான்கு பக்கமும் துளைகளின் உள்ளும் எபாக்ஸி இரண்டு கோட் பூசி, பலகைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே 3 மி.மீ. ரப்பர் அல்லது எச்.டி.பி.இ. துண்டு வைக்கட்டும். கார்ப்பெட்டைப் பலகையின் மேலும் பக்கங்களிலும் மட்டும் ஒட்டி அடிப்பக்கத்தைத் திறந்து விட்டால் சீக்கிரம் உலரும்.

இறக்கும் நாள்

ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் நின்று நின்று வந்த டிரெய்லரின் ஹப் சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலை (ரப்பர் அடைப்பு வளையம்) தாண்டி உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரிங் கெட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. வந்ததும் நிறுத்தி, 20 முதல் 30 நிமிடம், ஹப்பில் வெறுங்கையை வைத்தால் சூடு தெரியாத வரை பொறுங்கள். படகில் சாமான் ஏற்றுவதையெல்லாம் அந்த நேரத்தில் முடிக்கலாம். விளக்கு பிளக்கையும் அப்போதே பிடுங்கிவிடுங்கள்.

மும்பையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும், பௌர்ணமி அமாவாசையை ஒட்டி வித்தியாசம் 4 மீட்டருக்குப் பக்கத்தில் போகும். நீர் வற்றியிருக்கும்போது இறக்கினால் சக்கரம் சேற்றில் போகும். கழிச்சேறு வெறும் உப்புநீரைவிடக் கெட்டது. ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே புகுந்தால் லேசில் வராது. ஏற்ற நேரத்தைப் பார்த்து இறக்குவதும் ஏற்றுவதும் பாதி அரிப்பைத் தடுத்துவிடும். ஹப் மூழ்காமலேயே படகு மிதக்கிறதா என்று பாருங்கள். சரிவு போதுமான இடத்தில் பல சின்னப் படகுகளுக்கு அது முடியும்.

கழுவுதல்

முதல் அலசல் கரையிலேயே நடக்க வேண்டும். வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்தால் காற்றில் உப்பு படிகமாகி, இடுக்கில் உறைந்துவிடும். கரையில் குழாய் இருக்காது என்பதால், விவசாயத்துக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் ஒன்று புதுசாக வாங்கி வையுங்கள். 16 லிட்டர் கொள்ளும். பூச்சிமருந்து ஊற்றியதை வாங்கக் கூடாது. டிரெய்லரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, நீர் பின்பக்கம் வழியாக வடியட்டும். பிறகு ஹப், ஸ்பிரிங், யு-போல்ட், பலகை பிராக்கெட், வின்ச் என்று இந்த வரிசையில் 16 லிட்டரையும் செலவிடுங்கள். நீண்ட பீமை விட்டுவிடலாம்.

முழுக் கழுவல் வீட்டில், அதே நாளில். கட்டிடத்துக் குழாயில் 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 80 நொடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், அந்த வேகத்தில் 10 நிமிடம் போதும். செக்ரட்டரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, தண்ணீர் நேரத்தில் பைப் போட்டு வண்டி கழுவுவதைப் பார்த்தால் மாடியிலிருந்து யாராவது சத்தம் போடுவார்கள்.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். மாநகராட்சி நீர் பாட்ஸா, தான்ஸா, வைதர்ணா ஏரிகளிலிருந்து வருவது, உப்பு குறைவு. டேங்கர் நீரும் போர் நீரும் அப்படி இல்லை. ஆர்.ஓ. மெஷினுக்கு வைத்திருக்கும் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரை வாளியில் முக்கிப் பாருங்கள். 300-க்குக் கீழ் என்றால் தாராளமாகக் கழுவலாம். 1,000-ஐத் தாண்டினால் அழுக்கை எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தி, கடைசி அலசலை இரண்டு வாளி நல்ல தண்ணீரில் முடியுங்கள்.

அளவைவிட இடம் முக்கியம், அழுத்தத்தைவிட நேரம் முக்கியம். முதலில் படகின் அடிவயிற்றைக் கழுவுங்கள், இல்லையென்றால் அதிலிருந்து உப்பு டிரெய்லர் மேல் சொட்டும். பிறகு பலகையின் அடிப்பக்கம், பிராக்கெட்டின் மூலை, குறுக்குச் சட்டம் சேரும் இடம். மூடிய குழாய்ச் சட்டம் என்றால் முன்துளையில் பைப்பைச் செருகி, பின்துளையில் தெளிந்த நீர் வரும்வரை ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். வடியும் துளையே இல்லாத குழாய்க்கு மிகத் தாழ்ந்த முனையில், வெல்டிங்கிலிருந்தும் ஆக்ஸிலிலிருந்தும் தள்ளி, 10 மி.மீ. துளை ஒன்று போட்டு விளிம்பை மழுக்கிவிடலாம். ஆங்கில ‘I’ வடிவத்தில் திறந்திருக்கும் ஐ-பீம் சட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போதே ஐ-பீமைத் தேடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பிரஷர் வாஷர் இருந்தால் ஹப் சீலுக்கும் மின் இணைப்புக்கும் நேராகக் காட்டாதீர்கள். சீலின் உதடு வெளியே வரும் கிரீஸைத் தடுக்கத்தான் இருக்கிறது, வெளியிலிருந்து பாயும் நீரைத் தடுக்க அல்ல.

சோப்பு என்றால் கார் ஷாம்பு. பாத்ரூம் ஆசிட்டை ஊற்றி வெள்ளையை எடுப்பவர்கள் உண்டு. பூத்தது போகும், கூடவே ஆக்ஸைடு படலமும் கால்வனைஸ் பூச்சும் போகும், குளோரைடு மட்டும் மிஞ்சும். காஸ்டிக் சோடா கலந்த கிரீஸ் நீக்கி அலுமினியத்தையே கரைக்கும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்.

ஹப், பேரிங், ஸ்பிரிங்

பேரிங் கிரீஸை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது என்பதில்தான் தப்பு நடக்கிறது. மழை முடிந்து செப்டம்பரில், அக்டோபரில் செய்வார்கள். அதற்குள் உப்பு கலந்த கிரீஸ் நான்கைந்து மாதம் பேரிங்கில் அப்படியே உட்கார்ந்து உருளைகளைத் தின்றிருக்கும். மே கடைசியில், டிரெய்லரை ஓரங்கட்டும் முன் செய்துவிடுங்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தாலோ உள்ளே வேலை இருக்கிறது. ஹப்பைக் கழற்றியதும் பழைய கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறம் என்றால் நீர் புகுந்திருக்கிறது, அப்போது பின் சீலைத் தயங்காமல் மாற்ற வேண்டும். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து உருளைகளைப் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் சூடேறியது, புள்ளிக் குழி இருந்தால் நீர் அரித்தது. இரண்டில் எது இருந்தாலும் பேரிங்கும் அது உட்காரும் கப்பும் ஜோடியாக மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுப் பேரிங் போட்டால் சீக்கிரமே அதே கரகரப்பு.

கிரீஸ் கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் வகை, கெட்டித்தன்மை 2-ஆம் எண். நீரில் அலசிப் போகாது, துருவையும் தடுக்கும். பழைய கிரீஸ் வேறு வகையாக இருந்தால் அதன் மேலேயே போடாதீர்கள், சில வகைகள் கலந்தால் இளகி வழிந்துவிடும். முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். இரண்டு சக்கரத்துக்கு 500 கிராம் டப்பா தாராளம். இரட்டை உதடு உள்ள சீலாக வாங்கி, மரத்துண்டு வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

கேஸில் நட்டை (பின் போட வெட்டுகள் உள்ள நட்), ஹப்பைச் சுற்றிக்கொண்டே ரெஞ்சால் இறுக்கி, பிறகு முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப ஏற்றி, ஸ்பிளிட் பின் போடுங்கள். பின் துளை பொருந்தவில்லை என்றால் தளர்வு பக்கம் அடுத்த வெட்டுக்குத் திருப்ப வேண்டும், இறுக்கம் பக்கம் அல்ல. கிரீஸ் நிப்பிளும் ஸ்பிரிங்கும் வைத்த மூடி போட்டிருந்தால், கிரீஸ் கன்னை ஸ்பிரிங் தட்டு நகரத் தொடங்கும்வரை மட்டும் அடியுங்கள். மேலும் அடித்தால் பின்பக்கச் சீல் பிதுங்கி, கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தெறிக்கும்.

பட்டை ஸ்பிரிங்கில் துரு பட்டைகளுக்கு நடுவே வளர்ந்து, அவற்றைப் பிளந்து தள்ளும். கழுவிக் காய்ந்த பின் லானோலின் (செம்மறியாட்டு ரோமக் கொழுப்பு) ஸ்பிரே பட்டைகளின் விளிம்பிலும் யு-போல்ட் மரையிலும் மாதம் ஒருமுறை. டபிள்யூ.டி.-40 இதற்குப் பதிலாகாது, சில நாளில் ஆவியாகிப் போய்விடும். டயரிலும் ரப்பர் புஷ்ஷிலும் பிரேக் லைனிங்கிலும் படாமல் அடியுங்கள். டிரம் பிரேக் இருந்தால் பின்தட்டு வழியாக உள்ளே நீர் பாய்ச்சி அலச வேண்டும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லையென்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

விளக்கும் வயரும்

முழுக்க அடைத்த எல்.இ.டி. விளக்கு, வெள்ளீயம் பூசிய செம்பு வயர், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். லோஹார் சாலில் எல்லாம் கிடைக்கும். நெகட்டிவை சட்டத்தில் பூட்டி விடுவது இங்கே வழக்கம். வேண்டாம். பின்விளக்கிலிருந்து முன் பிளக் வரை தனி வயர் இழுங்கள். சட்டத்தில் மின்சாரம் ஓடினால் இணைப்புகளில் அரிப்பு பல மடங்காகும், விளக்கும் மினுக்மினுக்கென்று எரியும்.

காசை வீணாக்கும் இரண்டு

துத்தநாகக் கட்டி பூட்டினால் டிரெய்லர் பிழைக்கும் என்று சொல்வார்கள். தண்ணீரிலேயே நிற்கும் படகுக்கு அது சரி. அந்தக் கட்டி வேலை செய்ய அதுவும் காக்க வேண்டிய உலோகமும் ஒரே நீரில் மூழ்கியிருக்க வேண்டும். டிரெய்லர் மூழ்குவது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் அது சும்மா தொங்கும் எடை.

பெயின்ட்டும் அப்படியே. எட்ச் பிரைமர் (பெயின்ட் உலோகத்தில் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) இல்லாமல் அலுமினியத்தில் அடித்த பெயின்ட் ஒட்டாது. ஓரம் பிரிந்து உள்ளே உப்பு புகுந்து, தோலுக்கடியில் புழு ஓடிய தடம் மாதிரி அரிக்கும். திறந்த அலுமினியத்தைத் திறந்தே விடுங்கள்.

மழைக்காலம்

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. பொழுதுபோக்குப் படகுகளும் பெரும்பாலும் செப்டம்பர் வரை கரையில்தான். மழையே கழுவிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மழை மேல்பக்கத்தைக் கழுவும், பலகைக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். கார்ப்பெட் நனைந்தே கிடக்கும், ஆகவே கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி வையுங்கள்.

ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் சட்டத்தின் கீழ் முட்டுக்கட்டை கொடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மூக்கை ஒரு சாண் உயர்த்தி வைக்கவும். அலுமினியம் நேராக கான்கிரீட்டில் படக் கூடாது, நடுவே மரமோ ரப்பரோ வேண்டும். ஈரமான புது சிமென்ட்டின் பி.எச். 12-ஐத் தாண்டும், ஆக்ஸைடு படலம் அதில் கரைந்துவிடும். கட்டிடத்தில் பிளாஸ்டர் வேலை நடந்தால் டிரெய்லரை நகர்த்துங்கள், சிமென்ட் தெறித்தால் காயும் முன் கழுவுங்கள். தார்ப்பாயை ஒட்ட மூடினால் உள்ளே புழுங்கும். கீழே ஓரடி திறந்திருக்கட்டும். குல்மோகர் மரத்தடியில் நிறுத்தினால் இலை வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்திவிட வேண்டும்.

குழி ஏற்கெனவே விழுந்திருந்தால்

வெள்ளைப்பொடியை நைலான் தேய்ப்பானால் எடுத்து, நல்ல தண்ணீரில் பல முறை அலசி, காய்ந்ததும் வெர்னியரின் ஆழக் கம்பியால் குழியை அளந்து சுவர்த் தடிமனோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்குள், தட்டையான இடத்தில் என்றால் லானோலின் பூசி, தேதியோடு ஃபோட்டோ எடுத்து வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கலாம். போல்ட் துளையிலிருந்து கிளம்பும் கீறல், வெல்டிங் ஓரத்துக் குழி, ஆக்ஸில் பிடிப்பு இருக்கும் இடத்தில் சட்டத்தின் கீழ்ப்பட்டையில் குழி இந்த மூன்றில் எது இருந்தாலும் பாரம் ஏற்றக் கூடாது. தெருமுனை வெல்டிங் கடையில் ஒரு தையல் போட்டுக்கொள்ளும் விஷயம் அல்ல இது, சூட்டில் பக்கத்து உலோகமும் வலிமை இழக்கும். அந்தச் சட்டத்தை மாற்றுவதே சரி. புதுத் துண்டு வாங்கும்போது 6061-டி6 அல்லது 6082-டி6 என்று சோதனைச் சான்றிதழோடு கேளுங்கள். இங்கே வியாபாரத்தில் எச்.இ.20, எச்.இ.30 என்ற பெயரில் இவை ஓடும். ஜன்னலுக்குப் போகும் எச்.இ.9-ஐ அதே அளவில் காட்டுவார்கள், வலிமை குறைவு.

மழை முடிந்து முதல் ஓட்டத்துக்கு முன் சக்கர நட், யு-போல்ட், டயர் காற்று, விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு, 15 கி.மீ. போனதும் ஓரமாக நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு கடல்வரை ஓட்டாதீர்கள்.